எழுந்திருக்கும் வரிசை

பென்னலூர் ஷாரோன் டிப்ளமோ முடித்ததும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரையும் போலக் கம்பெனி பஸ்ஸில்தான் ஏறினாள். செல்போன் அசெம்பிளி லைனில் கான்ட்ராக்ட் வேலை. கான்ட்ராக்ட் முடிந்து வெளியே வந்தபோது, ஒரகடத்தில் சிவசங்கர் என்பவர் நடத்தும் சின்னக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றாள். கார் உதிரிபாகங்களைச் சோதிக்கும் பெஞ்ச்களைச் செய்து பெரிய தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். ஒரு கதவுப் பூட்டோ, சீட் பெல்ட் பக்கிளோ பெஞ்சில் வைக்கப்படும். இயந்திரம் அதை இழுக்கும், அழுத்தும், அளக்கும். தேறினால் பச்சை விளக்கு, தோற்றால் சிவப்பு. ஒவ்வொரு பெஞ்சுக்குள்ளும் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அதை இயக்குவது லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம்.

வயர் இழுப்பதற்குத்தான் அவளை எடுத்தார்கள். சாஃப்ட்வேர் பக்கம் பார்த்துக்கொண்டது இளம்பரிதி. சாத்தூர்க்காரர், ஷாரோனைவிட ஆறேழு வயது மூத்தவர், எதற்கும் அவசரப்படாத ஆள். ஒரு நாள் அவர் திரையில் ஏதோ கட்டளை அடித்தபோது, கிளை கிளையாக ஒரு படம் விரிவதை ஷாரோன் எட்டிப் பார்த்தாள். அப்போது அந்தக் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த எல்லா ப்ராசஸ்களும், அதாவது ஓட்டத்தில் இருக்கும் ப்ரோக்ராம்கள், அதில் இருந்தன. ஒவ்வொன்றையும் எது பெற்றது என்று கோடு போட்டுக் காட்டியது. எல்லாக் கோடுகளும் மேலே போய் ஒன்று என்று எண் போட்ட ஒரே இடத்தில் சேர்ந்தன.

"அந்த ஒண்ணாம் நம்பர் யாருண்ணா?"

"அதுக்குப் பேரு இனிட். கரண்ட் குடுத்ததும், லினக்ஸோட உள்மையம் கெர்னல்னு ஒண்ணு இருக்கு, அது எழுப்பிவிடுற மொத ஆளு. மத்ததெல்லாம் அது எழுப்பி வந்ததுதான். இங்க பாரு" என்றவர், ஒரு ப்ராசஸை வேண்டுமென்றே கொன்றார். அது பெற்ற குட்டி ப்ராசஸ் மட்டும் சாகாமல் நின்றது. "இப்ப இதுக்கு அப்பன் யாருன்னு பாரு."

ஷாரோன் பார்த்தாள். அப்பன் எண் என்ற இடத்தில் ஒன்று என்று மாறியிருந்தது.

"பெத்தவன் செத்தா புள்ளைய இது எடுத்துக்கிடும். யாரும் போய்க் கேட்க வேண்டாம்."

ஷாரோனுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாளும் திருப்புளியால் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த அந்தத் தகரப் பெட்டிக்குள் இப்படி ஒரு ஏற்பாடு ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கிறதா! அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மா அமலாவிடம் அதைச் சொன்னாள். அமலா ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. மீனை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, அந்த ஒண்ணாம் நம்பர் செத்துட்டா?" என்றாள்.

மறுநாள் ஷாரோன் அதையே இளம்பரிதியிடம் கேட்டாள்.

"மெஷினே நின்னு போகும்" என்றார் அவர். "அது சாகக் கூடாது. அதனாலதான் அதை யாரும் தொடுறதில்ல."

யாரும் தொடுவதில்லை என்ற அந்த வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. வயர் வேலையோடு வேலையாக லினக்ஸ் படித்தாள். கம்பெனியில் கழித்துப் போட்ட பழைய பெட்டி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த கையோடு அதைப் பிரித்து மேய்வாள். இரண்டு வருஷத்தில் சிவசங்கர் அவளை இளம்பரிதிக்குப் பக்கத்து நாற்காலிக்கு மாற்றிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பக்கிள் லைன் பிரச்சினை வந்தது.

ஒரகடத்தில் சீட் பெல்ட் செய்யும் ஒரு தொழிற்சாலை. அங்கே பக்கிள் லைன் முழுக்க இவர்களுடைய பெஞ்ச்கள்தான். லைன் லீடர் முனியம்மாள், சேரப்பணஞ்சேரிக்காரர். மாமியார் வீட்டு நிலத்தில் நாற்று நட்டவர், லைனில் ஆபரேட்டராகச் சேர்ந்து லீடர் ஆனவர். அந்தத் தொழிற்பேட்டையில் கரண்ட் அடிக்கடி போகும். ஜெனரேட்டர் உண்டு. ஆனால் கரண்ட் போய் அது எடுப்பதற்குள் பெஞ்ச்கள் எல்லாம் அணைந்துவிடும். பெஞ்ச்களுக்கு யூபிஎஸ் கேட்டால், அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்பார்கள். அணைந்த பெட்டிகள் எழுந்து வர மூன்று நிமிஷத்துக்குக் குறையாது. மற்ற மெஷின்கள் ஓடத் தொடங்கிவிடும், பெஞ்ச்கள் மட்டும் மஞ்சள் விளக்கோடு முழிக்கும்.

முனியம்மாள் சிவசங்கருக்கே போன் போட்டார். "இன்னா சார், ஒங்க பெட்டி எந்திரிக்கறதுக்குள்ள நான் வூட்டுக்குப் போய் சோறாக்கிட்டு வந்துடுவேன் போல கீது!"

புதுப் பெட்டி மாற்றிக் கொடுக்கக் கம்பெனிக்கு வசதியில்லை. இளம்பரிதி ஆராய்ந்து பார்த்துவிட்டு, பாதி நேரம் பெட்டி நெட்வொர்க்குக்காகச் சும்மா காத்துக் கிடக்கிறது என்று கண்டுபிடித்து அதை வெட்டினார். நேரம் குறைந்தது. ஆனாலும் போதவில்லை. பழைய பெட்டி, நினைவகம் மிகச் சிறியது. அதில் இருந்த இனிட், இன்றைக்குப் பெரும்பாலான லினக்ஸில் இருக்கும் சிஸ்டம்டி. எதை எப்போது எழுப்புவது என்பதோடு அது நிற்பதில்லை. பதிவு எழுதுவது, யார் உள்ளே வந்தார்கள் என்று கவனிப்பது, நேரத்தைச் சரிபார்ப்பது என்று பல வேலைகளுக்குத் தன் ஆட்களைக் கூடவே கூட்டி வரும்.

"அண்ணா, இனிட்டையே மாத்திட்டா?" என்றாள் ஷாரோன்.

இளம்பரிதி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எதுக்கு ஷாரோன் உனக்கு அந்த வேலை? ஊரு உலகம் பூராம் சிஸ்டம்டிதான் ஓடுது. ஒரு சந்தேகம்னா தேடுன ஒடனே பதில் கெடைக்கும். வெளியில வாங்குற சாஃப்ட்வேர் எல்லாம் அதுக்கு ஏத்த மாதிரிதான் வருது. நீ வேற ஒண்ணப் போட்டேன்னு வையி, அதுல சந்தேகம் வந்தா உன்னையத்தான் கேட்கணும். நீ லீவுல போயிட்டா நான் யார்ட்ட போய்க் கேட்க?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை என்று ஷாரோனுக்குத் தெரியும். ஆனாலும் வீட்டில் இருந்த பழைய பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். முதலில் ஓப்பன்ஆர்சி என்ற இனிட். எது எதற்கு முன்னால் எழ வேண்டும் என்று சொல்லிவிட்டால் அந்த வரிசையில் ஒழுங்காக எழுப்பியது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம் நடுவில் விழுந்தால் தூக்கி நிறுத்துவதை அதற்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்தது ரன்இட். அதைத் திறந்து பார்த்தபோது அவளால் நம்பவே முடியவில்லை. ஒண்ணாம் நம்பரின் மொத்த நிரலும் ஒரே மூச்சில் படித்து முடிக்கும் அளவுதான் இருந்தது. இவ்வளவுதானா? ஒரு முழு மெஷினும் நிற்பது இந்தச் சில பக்கங்களின் மேலேயா?

அதன் வழக்கம் எளிமையானது. ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் ஒரு காவலாள். ப்ரோக்ராம் விழுந்தால் ஒரு நொடியில் மறுபடி எழுப்புவான். அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டான். யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது அவன் கவலை இல்லை. அதை எழுதுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிவசங்கர் ஒரு பெஞ்சில் மட்டும் மாற்றிப் பார்க்கச் சொன்னார். ஷாரோன் போய் மாற்றினாள். முனியம்மாள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சுவிட்சை அணைத்துப் போட்டார்கள். முனியம்மாள் முந்தானையைச் சரிசெய்து நிமிர்வதற்குள், வேலைக்குத் தயார் என்று பச்சை விளக்கு எரிந்தது.

"இன்னாடி இது! லைட்டு போட்ட மாரி வந்துடுச்சு!" முனியம்மாள் தானே சுவிட்சை அணைத்து இன்னொரு தடவை போட்டார். இன்னொரு தடவையும் போட்டார். லைனில் இருந்த பெண்கள் கையில் பக்கிளோடு திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள். ஷாரோனுக்கு வெட்கமாகவும் இருந்தது, தரையில் கால் பாவாத மாதிரியும் இருந்தது. அந்த வாரத்துக்குள் லைன் பூராவும் மாற்றிவிட்டாள். இளம்பரிதி வந்து பார்த்துவிட்டு, "வேகமாத்தான் இருக்கு" என்றார்.

மார்கழிக்கு முந்தின மழையில் அந்த வேகத்துக்குச் சோதனை வந்தது.

காலையிலிருந்தே காற்றும் மழையும். கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. பெஞ்ச்கள் ஒவ்வொரு தடவையும் சட்டென்று எழுந்தன. பன்னிரண்டு மணி வாக்கில் ஷாரோனுக்கு முனியம்மாளிடமிருந்து போன் வந்தது. குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

"ஷாரோனு, நாலாம் பெஞ்சு செவப்பு பீஸைப் பாஸ் பண்ணுது. லைனை நிறுத்திட்டேன். நீ ஒடனே வா."

சிவப்பு பீஸ் என்றால், உடைந்த பக்கிள் என்று தெரிந்தே வைத்திருக்கும் மாதிரித் துண்டு. பெஞ்ச் அணைந்து எழுந்தால், வேலை தொடங்கும் முன் அதை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தொழிற்சாலையின் விதி. பெஞ்ச் சிவப்பு காட்டினால்தான் மேலே வேலை. அன்றைக்குக் கரண்ட் அத்தனை தடவை போய் வந்ததில், நடுவில் ஒரு தடவை ஆபரேட்டர் அதை வைக்காமல் விட்டுவிட்டார். அடுத்த தடவை வைத்தபோது பச்சை எரிந்தது. இடைப்பட்ட நேரத்தில் தேறிய பக்கிள்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன.

ஷாரோன் ரெயின்கோட்டோடு போய் இறங்கியபோது லைன் அசையாமல் நின்றது. அவ்வளவு அமைதியாக அந்த இடத்தை அவள் பார்த்ததில்லை. முனியம்மாள் அந்தப் பக்கிள் பெட்டியின் மேல் சிவப்பு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். ஷாரோனைத் திட்டவில்லை. "பாரும்மா" என்று மட்டும் சொன்னார்.

அவள் லேப்டாப்பைச் சொருகினாள். பக்கிளை எவ்வளவு விசையில் இழுக்கிறோம் என்று அளக்கும் கருவிக்கு, ஒவ்வொரு பெஞ்சுக்கும் தனித்தனியாகத் திருத்த எண்கள் உண்டு. அவை டிஸ்கில் தனிப் பகுதியில் இருக்கும். நாலாம் பெஞ்சில் சோதனை ப்ரோக்ராம் எழுந்தபோது அந்தப் பகுதி இன்னும் திறக்கவே இல்லை. திருத்த எண்கள் கிடைக்காததால், ப்ரோக்ராம் பொதுவான எண்களை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டது. அதன் கணக்கில் குறைவான இழுப்பும் போதுமான இழுப்பாகத் தெரிந்தது.

ஏன் திறக்கவில்லை என்று தேடிப் போனபோது, அது அவளிடமே வந்து நின்றது. கரண்ட் திடீரென்று போனால், அடுத்த தடவை டிஸ்கை ஒரு முறை சரிபார்த்துவிட்டுத்தான் திறக்க முடியும். ரன்இட்டும் வழக்கமாக அதை ஆரம்பத்திலேயே முடித்துவிட்டுத்தான் மற்றதை எழுப்பும். நேரத்தை இன்னும் கொஞ்சம் குறைக்கலாம் என்று, ஷாரோன்தான் அந்தப் பகுதியின் சரிபார்ப்பை வரிசையிலிருந்து எடுத்துப் பின்னணியில் ஓட விட்டிருந்தாள். சாதாரண நாளில் அது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இன்று கரண்ட் மாறி மாறிப் போனதில் டிஸ்கில் கோளாறு சேர்ந்து, சரிபார்ப்பு நீண்டுவிட்டது.

அவள் நெற்றியைப் பெஞ்சின் தகரத்தில் சாய்த்துக்கொண்டாள். எங்கோ ஒரு ரோட்டில், ஏதோ ஒரு காரில், பெல்ட்டை மாட்டிக்கொண்டு பின் சீட்டில் தூங்கும் ஒரு குழந்தை கண்ணுக்குள் வந்தது. அந்தப் பக்கிள் கிளிக் என்று மாட்டிக்கொள்ளும். அது பிடிக்கும் என்று குழந்தையின் தாய் நம்புவாள்.

இளம்பரிதியும் நனைந்தபடி வந்து சேர்ந்தார். அவள் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள்.

"அண்ணா, பழசுல இது ஏன் ஒரு தடவகூட நடக்கல? டிஸ்குக்காகக் காத்திருன்னு நாம அதுல எங்கயும் எழுதலையே."

"எழுத வேண்டாம்" என்றார் இளம்பரிதி. "சாதாரண ப்ரோக்ராம் எதுவா இருந்தாலும், டிஸ்க்கெல்லாம் தெறந்து முடிஞ்ச பெறகுதான் சிஸ்டம்டி எழுப்பும். நாம கேட்காமலே அது பாத்துக்கிடும்."

அவர் பழைய பெட்டி ஒன்றின் லினக்ஸை லேப்டாப்பில் திறந்து, எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதைப் படமாக வரையச் சொன்னார். திரை நிறைந்தது, அதற்கும் கீழே போனது. நூற்றுக்கணக்கான கோடுகள். டிஸ்குக்காகக் காத்திருப்பவை, கடிகாரத்துக்காகக் காத்திருப்பவை, கருவிகள் தயாராவதற்காகக் காத்திருப்பவை. ஒன்றையொன்று தடுக்காதவை எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்துகொண்டிருந்தன. ஷாரோன் மெதுவாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். இத்தனை நாளும் இதை வீண் சுமை என்றுதான் நினைத்திருந்தாள். ஒவ்வொரு கோடும் எங்கோ யாரோ ஒருவருடைய மெஷின் இப்படி ஏமாந்த பிறகு போடப்பட்டதாக இருக்கும் என்று இப்போது தோன்றியது. முகம் தெரியாத எத்தனை பேர் இப்படி ஒரு மத்தியானத்தில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார்கள்! அவர்கள் கண்டு சொன்னதெல்லாம் இந்தத் தகரப் பெட்டிக்குள் ஓசையில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. அவள் அதைத் தூக்கி வெளியே வைத்துவிட்டாள்.

"அப்போ பழசையே போட்டுடலாமாண்ணா?"

அவர் லேப்டாப்பை அவள் பக்கம் நகர்த்தினார். "நீ எழுதுனதக் காட்டு மொதல்ல."

அவள் ரன்இட்டில் எழுதியவற்றைத் திறந்தாள். மொத்தமே ஒரு திரைக்குள் அடங்கியது. இளம்பரிதி மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார், கீழிருந்து மேலே இன்னொரு தடவை படித்தார். "இம்புட்டுத்தானா?" என்றார். "இதுல என்ன நடக்குதுன்னு பூராவும் தெரியுதே. தப்பு இருக்குற எடம்கூட விரல் வச்சுக் காட்ற மாதிரி இருக்கு. சிஸ்டம்டில எனக்குத் தெரியாத மூலை இன்னும் எத்தனையோ கெடக்கு. எட்டு வருஷமாப் பாக்கேன்."

இருவரும் அங்கேயே உட்கார்ந்து திருத்தினார்கள். டிஸ்க் சரிபார்ப்பு பழையபடி வரிசைக்குள் வந்தது. அது போதாது என்று, திருத்த எண்கள் கண்ணில் படாத வரை சோதனை ப்ரோக்ராம் தொடங்காமல் திரும்பிவிட வேண்டும் என்று எழுதினார்கள். காவலாள் நொடிக்கு ஒரு தடவை எழுப்பிப் பார்க்கட்டும், எண்கள் வந்த பிறகு அது நிற்கட்டும். ப்ரோக்ராமுக்குள் இருந்த பொதுவான எண்களை இளம்பரிதி அடியோடு அழித்தார். அதை அங்கே வைத்தது அவர்தான். இன்ஸ்டால் செய்யும்போது வசதியாக இருக்கும் என்று வைத்தாராம்.

சிவப்பு டேப் ஒட்டிய பெட்டியில் இருந்த பக்கிள்களை மறுபடி சோதித்தார்கள். பெரும்பாலானவை தேறின. சில தோற்றன. தோற்ற ஒவ்வொன்றுக்கும் சிவப்பு எரிந்தபோது ஷாரோன் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். எதுவும் தொழிற்சாலையைத் தாண்டி வெளியே போயிருக்கவில்லை. முனியம்மாள் அதை இன்னொரு தடவை உறுதி செய்துகொண்டு, "சரி வுடு, புடிச்சாச்சு இல்ல" என்று ஷாரோனின் தோளில் தட்டினார்.

மறுநாள் சிவசங்கர் இருவரையும் உட்கார வைத்துக் கேட்டார். "எதை வச்சுக்கலாம்? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

"ஒரே வார்த்தைல வராது சார்" என்றாள் ஷாரோன். "சின்ன பெட்டிங்களுக்கு ரன்இட் இருக்கட்டும். அங்க ஓடுறதே ரெண்டு மூணு ப்ரோக்ராம்தான், எது எதுக்குக் காத்திருக்கணும்னு நாமளே எழுதிடலாம். ஆனா அதை நான் மட்டும் தெரிஞ்சு வச்சுக்கினு இருக்கக் கூடாது, அண்ணாவும் மாத்தத் தெரிஞ்சிருக்கணும். புதுசா கேமரா வச்சு வர்ற பெஞ்சுக்கெல்லாம் சிஸ்டம்டியே இருக்கட்டும் சார். கேமராக்காரங்க சாஃப்ட்வேர் அதுக்குத்தான் வருது. அத்தனை கோட்டை என் கையால வரைய எனக்குத் தைரியம் இல்ல."

சிவசங்கர் இளம்பரிதியைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். "சம்மதந்தான். இவ லீவுக்குப் போனாலும் நான் சமாளிச்சுக்கிடுவேன்."

முனியம்மாள் மட்டும் வாய்ச் சொல்லை ஏற்கவில்லை. கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில், மெயின்டனன்ஸ் ஆட்களிடம் சொல்லி லைனின் பிரேக்கரையே இறக்கி ஏற்ற ஏற்பாடு செய்தார். நாலாம் பெஞ்சின் டிஸ்கில் ஷாரோன் முன்கூட்டியே வேண்டுமென்றே கோளாறு உண்டாக்கி வைத்தாள். டிபன் டப்பாவோடு கேன்டீனுக்குப் போகவேண்டிய பெண்கள் போகாமல் சுவரோரம் நின்றார்கள்.

பிரேக்கர் இறங்கியது. ஃபேன்கள்கூட நின்று, ஷெட்டில் மழைக்குப் பிந்தின குளிர் மட்டும் இருந்தது. பிரேக்கர் ஏறியது. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது என்று பெஞ்ச்கள் பச்சையாகிக்கொண்டே வந்தன. நாலாவது மட்டும் மஞ்சளில் நின்றது.

"இன்னா, அது வர்ல?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"இருங்க" என்றாள் ஷாரோன்.

லேப்டாப் திரையில் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. சரிபார்ப்பு ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு தூரம் முடிந்தது என்று சதவீதம் மெல்ல மெல்ல ஏறியது. சோதனை ப்ரோக்ராம் இன்னும் பிறக்கவே இல்லை. வெளியில் இத்தனை பேர் நின்று பார்ப்பதோ, மற்ற பெஞ்ச்கள் முந்திவிட்டதோ அதற்குத் தெரியாது. தனக்கு வேண்டியது வரும் வரை அது அசையாது. சட்டென்று எழுந்த பெஞ்ச்களைப் பார்த்து முதல் நாள் வந்த சிலிர்ப்பைவிட, அசையாமல் நின்ற இந்த ஒன்றுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. பக்கத்தில் இளம்பரிதியும் குனிந்து அதே சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிஸ்க் திறந்தது. திருத்த எண்கள் வந்தன. ப்ரோக்ராம் எழுந்தது. நாலாம் பெஞ்ச் பச்சையானது.

முனியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், சிவப்பு பீஸை அதில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் இழுத்தது. சிவப்பு எரிந்தது.

"ஆங்!" என்றார் முனியம்மாள், ஏதோ குழந்தை முதல் வார்த்தை பேசிவிட்ட மாதிரி. பிறகு திரும்பி, "போங்கடி, போய் சாப்டுங்க, லைனு ஓடணும்" என்று எல்லோரையும் விரட்டினார்.